மொதல்ல ஸ்டார்ட்டரு, அப்புறம் மெயினு

ஆணி ரொம்ப அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கும் எழுதற ஐடியா எதுவும் இல்ல. ஆனா போன ஞாயித்துக்கிழமை ஒரு சம்பவம் நடந்துபோச்சு. அதை யார்கிட்டயாவது சொல்லலைன்னா தலை வெடிச்சிரும். இதுக்குன்னே நேர்ந்துவிட்ட ஜீவன்கள் நீங்கதானே, படிங்க.

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். எந்த ஷிஃப்ட்ல எந்த ஃபிரேம் எவ்வளவு நூல் ஓட்டுச்சு, யாருக்கு எவ்வளவு கூலி, எல்லாக் கணக்கும் எங்க கம்பெனி எழுதிக் குடுத்த சாஃப்ட்வேர்லதான் ஓடுது. சர்வர் மில்லுக்குள்ளயே, ஆபீஸ் ரூம் மூலையில இருக்கு. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் யுபிஎஸ் பேட்டரி மாத்தறோம், பன்னண்டு மணிக்கு சர்வரை நிறுத்திக் குடுங்க"ன்னு கேட்டிருந்தாங்க. நானும் சூலூர்ல எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்துகிட்டு, மடிக்கணினியில இருந்தே சர்வருக்குள்ள நுழைஞ்சு ‘ஹால்ட்’னு நாலெழுத்து அடிச்சு, ஒரு என்டரும் தட்டினேன். இணைப்பு அறுந்துச்சு. பிங் பண்ணிப் பார்த்தா பதில் இல்ல. வேலை முடிஞ்சுதுன்னு சோத்துல கை வைக்கப் போனேன்.

அஞ்சு நிமிஷத்துல மில் எலக்ட்ரீசியன் போன்.

"தம்பீ, பச்சை லைட்டு எரியுதுங்க. ஃபேனு கொர்ருங்குது. இன்னும் நிறுத்தலீங்களா?"

"நிறுத்திட்டேனுங்ணா."

"நிறுத்தியிருந்தா அமந்திருக்கோணுமில்லீங்க?"

(வெளியூர்க்காரங்களுக்கு: எங்கூர்ப் பக்கம் விளக்கை அணைக்கறதை அமத்தறதுன்னு சொல்லுவோம்.)

"கொஞ்சம் இருங்ண்ணா, பாக்கறேன்."

"பேட்டரிக்காரர் காத்துட்டிருக்கறாருங்க. ஒயரைப் புடுங்கிடலாங்களா?"

எனக்கு பதில் சொல்ல வாய் வரல. ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்த பேக்கப் இருக்கு. அதுக்கப்புறம் பத்து மணி நேரத்துக் கணக்கு அந்தப் பொட்டிக்குள்ள மட்டும்தான். பொட்டி ஒழுங்கா நின்னுடுச்சா, இல்ல நிக்கற வழியில நடுவுல எங்கயாவது மாட்டிகிட்டு நிக்குதா? சூலூர்ல உக்காந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியேதான் தெரியும். பிங் வராது, அவ்வளவுதான்.

அந்த போனை அப்படியே ஹோல்ட்ல போட்டுட்டு, கொஞ்சம் வரலாறு பேசுவோம். ஏன்னா நான் ‘நிறுத்து’ன்னுதான் சொன்னேன், ‘அமத்து’ன்னு சொல்லவே இல்ல. அது ரெண்டும் வேற வேறன்னு கணினிக்கு அம்பது வருஷமா தெரியும். நமக்குத்தான் நடுவுல மறந்துபோச்சு.

*

ஹால்ட்டுங்கற வார்த்தை நமக்கொண்ணும் புதுசில்ல. கிராமத்துக்கு வர்ற கடைசி பஸ்ஸை நைட் ஹால்ட் பஸ்னு சொல்லுவோம். டிரிப் முடிஞ்சுது, ஆளுங்க எறங்கியாச்சு, கண்டக்டர் கணக்கு முடிச்சுப் பையைக் கட்டியாச்சு. ஆனா பஸ் டிப்போவுக்குப் போகல, ஊருக்குள்ளயேதான் நிக்குது. காலையில அதே இடத்துல இருந்து கெளம்பும். கணினியோட ஹால்ட்டும் கிட்டத்தட்ட இதேதான். வேலையெல்லாம் முடிச்சு, கணக்கெல்லாம் எழுதி வச்சுட்டு, அந்தந்த இடத்துல சும்மா நிக்கறது. கரன்ட்டை எடுக்கறது அதுல சேராது.

1970ல வந்த பிடிபி-11 கணினிகளோட முகப்புப் பலகையில வரிசையா சுவிட்ச் இருக்கும். அதுல ஒண்ணு ஹால்ட். அதைத் தட்டினா புராசஸர் நின்னுடும், ஆனா விளக்கெல்லாம் எரிஞ்சுகிட்டேதான் இருக்கும். நின்ன இடத்துலயே நினைவகத்துல என்ன இருக்குன்னு பார்க்கலாம், மாத்தலாம், மறுபடி ஓட்டலாம். பவருக்கு? அதுக்குத் தனியா ஒரு சாவி. பூட்டைத் திறக்கற மாதிரி திருப்பணும். ஆக, நிறுத்த ஒரு கை அசைவு, அமத்த இன்னொரு கை அசைவு. யாரும் குழப்பிக்க வழியே இல்ல.

யூனிக்ஸ் வளர்ந்தது இந்த மாதிரிப் பொட்டிகள்லதான். அதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. நீங்க ஒரு கோப்புல எழுதினா, அது உடனே வட்டுக்குப் போகாது. வட்டு மெதுவானதுங்கறதால, கொஞ்ச நேரம் நினைவகத்துல வச்சிருந்து மொத்தமா எழுதும். முப்பது செகண்டுக்கு ஒருதரம் ‘அப்டேட்’னு ஒரு நிரல் முழிச்சுகிட்டு, பாக்கி இருக்கறதையெல்லாம் வட்டுக்குத் தள்ளும். நாமளே தள்ளணும்னா ‘ஸிங்க்’னு ஒரு கட்டளை. பழைய யூனிக்ஸ் ஆளுங்க நிறுத்தறதுக்கு முன்னாடி அதை மூணு தடவை, மூணு தனி வரியில அடிப்பாங்க. என்னடா இது, சாமிக்குச் சூடம் சுத்தற மாதிரி மூணு தடவைன்னு நானும் நினைச்சிருக்கேன். காரணம் ரொம்ப எளிமையானது. அந்தக் கால ஸிங்க், "எழுதச் சொல்லிட்டேன்"னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பி வந்துரும். எழுதி முடிச்சாச்சான்னு பார்க்காது. மூணு வரி டைப் பண்ற நேரத்துல வட்டு வேலையை முடிச்சிரும், அவ்வளவுதான் மந்திரம்! 1980கள்ல பெர்க்லி யூனிக்ஸ்ல ‘ஹால்ட்’ங்கறதே ஒரு கட்டளையா இருந்துச்சு. பாக்கியை வட்டுக்குத் தள்ளிட்டு நிக்கும். அதுக்கு மேல சாவியைத் திருப்பறது மனுசன் வேலை.

சன் கம்பெனிப் பொட்டிகள்ல ஹால்ட் இன்னும் அழகு. இயங்குதளம் நின்னதும் கட்டுப்பாடு உள்ள இருக்கற ரோம் நிரலுக்குப் போயிரும். திரையில ‘ஓகே’ன்னு ஒரு சொல் வந்து உங்க உத்தரவுக்குக் காத்துகிட்டு நிக்கும். அங்கிருந்தே வன்பொருளைச் சோதிக்கலாம், வேற வட்டுல இருந்து கிளப்பலாம். அதாவது ஹால்ட்டுங்கறது பாதியில நின்னுபோன பவர் ஆஃப் இல்ல. அதுக்குன்னு தனியா ஒரு உபயோகம் இருந்துச்சு.

*

இனி நம்ம வீட்டுப் பொட்டி கதை. டாஸ் காலத்துல நிறுத்தறதுன்னு ஒரு வேலையே கிடையாது. சி கோலன் திரும்பி வந்துச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். பின்னாடி இருக்கற பெரிய சிவப்பு சுவிட்சை டக்குனு தட்டிட்டுப் போய்ட்டே இருக்கலாம். பல வருஷம் எல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க.

1993ல எம்எஸ்-டாஸ் 6 வந்தப்போ வந்துது வினை. அதோட வந்த ஸ்மார்ட்டிரைவ், வட்டு வேகமா இருக்கற மாதிரி தெரியணும்னு, எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் கையில வச்சுகிட்டு "முடிச்சுட்டேன்"னு சொல்லிரும். ஜனங்களோ சி கோலன் வந்ததும் பழக்கத்துல சுவிட்சைத் தட்டிட்டாங்க. கையில வச்சிருந்தது கையோட போச்சு. அதே வருஷக் கடைசியில வந்த 6.2ல, எழுதி முடிச்சாத்தான் சி கோலன் திரும்பி வரும்னு மாத்தினாங்க. யூனிக்ஸ்காரங்க மூணு தடவை அடிச்சுக் கத்துகிட்ட பாடத்தை டாஸ்காரங்க இருவது வருஷம் கழிச்சுக் கத்துகிட்டாங்க.

அப்புறம் 1995, விண்டோஸ் 95. ஸ்டார்ட் பட்டனை அமுக்கி ஷட்டவுன் கொடுத்தா, கொஞ்ச நேரம் கழிச்சு கறுப்புத் திரையில ஆரஞ்சு எழுத்துல, "இப்போது உங்கள் கணினியை அணைக்கலாம், ஆபத்தில்லை"ங்கற அர்த்தத்துல ஒரு ஆங்கில வரி வரும். முப்பதைத் தாண்டின ஆளுங்களுக்கு இந்நேரம் கண்ணுல தண்ணி வந்திருக்கும். அந்தத் திரை ‘லோகோஸ்’ங்கற பேர்ல கிடக்கற ஒரு சாதாரணப் படக் கோப்பு. எங்க பெரியப்பா பையன் அதை மாத்தி, ஷட்டவுன் பண்ணினா படையப்பா சல்யூட் அடிக்கற மாதிரி வச்சிருந்தான். எழுத்தே இல்லாததால பெரியப்பா "இதை எப்படா அமத்தறது?"ன்னு அந்தப் படத்துகிட்டயே கேட்டுகிட்டு நிப்பாருன்னு சொல்லுவாங்க.

அந்த ஆரஞ்சு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் வேலையை நான் முடிச்சுட்டேன், மிச்சம் உன் வேலைன்னு மனுசன்கிட்ட ஒப்படைக்கற இடம் அது. நிறுத்தறதுக்கும் அமத்தறதுக்கும் நடுவுல இருக்கற கோடு வீட்டுக் கணினியில கண்ணுக்குத் தெரிஞ்சது அப்போ மட்டும்தான். ஏன் அது தானாவே அமத்திக்கலைன்னு கேட்டா, அதால முடியாது. அந்தக் கால ஏடி வகைப் பொட்டிகள்ல பவர் பட்டன் நேரா கரன்ட் ஒயர்லயே உக்காந்திருக்கும். மென்பொருளுக்கு சுவிட்சைத் தட்ட விரல் கிடையாதே!

*

விரல் முளைச்சதும் அதே 1995லதான். இன்டெல் அந்த வருஷம் ஏடிஎக்ஸ்னு ஒரு அமைப்பைக் கொண்டு வந்துச்சு. இதை விளக்க எனக்கு வெளிநாட்டு உதாரணமெல்லாம் வேணாம், எங்கூர்க் கெணத்து மோட்டார் ஸ்டார்ட்டர் போதும்.

1932ல பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சதும் கோயமுத்தூருக்குக் கரன்ட் வந்துச்சு, பின்னாடியே மில்லுகளும் பெருகுச்சு. இந்தியாவுல தயாரான முதல் மின் மோட்டார்னு சொல்றது 1937ல ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டுல பண்ணினது. அன்னையில இருந்து இன்னிக்கு வரைக்கும் மோட்டாரும் பம்ப்செட்டும்தான் எங்களுக்கு சோறு. எங்கப்பாவும் மோட்டார் காயில் கட்டற பட்டறைதான் வச்சிருக்காரு.

கெணத்து மேட்டுல இருக்கற ஸ்டார்ட்டர் பொட்டியில பச்சை, சிவப்புன்னு ரெண்டு பட்டன் இருக்குமில்ல? பச்சையை அமுக்கினா உங்க விரல் நேரா மோட்டாருக்குக் கரன்ட் குடுக்கறதில்ல. உள்ள ஒரு காயிலுக்குக் கரன்ட் போகும். அது காந்தமாகி காண்டாக்டரை இழுத்துப் பிடிச்சுக்கும், அதுக்கப்புறம்தான் மோட்டார் ஓடும். சிவப்பை அமுக்கினா காயில் விட்டுடும், காண்டாக்டர் விழுந்துரும். இந்த ஸ்டார்ட்டருக்கு மேல தனியா மெயின் சுவிட்ச் இருக்கும்.

ஏடிஎக்ஸும் இதேதான். சுவத்துல கரன்ட் இருக்கற வரைக்கும், பொட்டி அமந்திருந்தாலும் ஊதா ஒயர்ல 5 வோல்ட் வந்துகிட்டேதான் இருக்கும். பச்சை ஒயரைத் தாய்ப்பலகை பூஜ்ஜியத்துக்கு இழுத்துப் பிடிச்சா மிச்ச கரன்ட்டெல்லாம் வரும், விட்டா போயிரும். முன்னாடி இருக்கற பட்டன் வெறும் விண்ணப்பம். நாலு செகண்ட் அமுக்கிப் பிடிச்சாத்தான் அது உத்தரவாகும். பச்சை ஒயரைப் பிடிக்கறதும் விடறதும் மின்னணு வேலைங்கறதால, மென்பொருளே அதை விடச் சொல்லலாம். மனுசன் கையில இருந்த ரெண்டாவது வேலையும் பொட்டி கைக்கு இப்படித்தான் போச்சு.

எப்படி விடச் சொல்றது? 1992லயே இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஏபிஎம்னு ஒரு வழி வச்சிருந்தாங்க. இயங்குதளம் பயாஸைக் கூப்பிட்டு "அமத்திரு"ன்னு சொல்லணும். 1996 டிசம்பர்ல, தோஷிபாவும் சேர்ந்து, ஏசிபிஐ வந்துச்சு. இதுல இயங்குதளமே நேரா ஒரு பதிவேட்டுல எழுதி எஸ்5ங்கற நிலைக்கு அனுப்பும். மெல்லிய அணைப்புன்னு சொல்லலாம், அதாவது ஊதா ஒயர் மட்டும் உயிரோட இருக்கும். அந்த ஒயரும் செத்தாத்தான் ஜி3ங்கற நெசமான அணைப்பு. ஸ்டார்ட்டர் விழுந்தது எஸ்5, மெயினை எறக்கினது ஜி3. அட, இதைச் சொல்ல 1996ல மூணு கம்பெனி கூடிப் பேசியிருக்காங்க, எங்கூர் வாய்க்கா வரப்புல இருந்தவங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே!

இது எல்லாப் பொட்டியிலயும் உடனே வேலை செஞ்சிரல. ரெண்டு புராசஸர் இருக்கற பொட்டிகள்ல ஏபிஎம் நம்பகமில்லன்னு லினக்ஸ் அதை அணைச்சே வச்சிருந்துச்சு. திரையில "பவர் டவுன்"னு எழுதிட்டு, ஃபேன் மட்டும் ஓட, திருதிருன்னு முழிச்சுகிட்டு நிக்கும். 2000கள் முழுக்க இந்தப் பஞ்சாயத்து ஓடுச்சு.

*

இப்போ நம்ம நாலெழுத்துக்கு வருவோம். லினக்ஸோட கருவுக்குள்ள ‘ரீபூட்’ங்கற ஒரே அழைப்புதான் எல்லாத்துக்கும். அதுக்குள்ள ஹால்ட்டுக்கு ஒரு எண், பவர் ஆஃபுக்கு ஒரு எண். ஹால்ட் 1.1 வரிசையில இருந்தே உண்டு. பவர் ஆஃப் 2.1.30ல்தான் சேர்ந்துச்சு. பொட்டிக்கு விரல் முளைச்சதுக்கு அப்புறம்னு கணக்கு சரியா வருதா?

இடையில ஒரு கிசுகிசு. யாரும் கைதவறி இதைக் கூப்பிட்டுறக் கூடாதுன்னு ரெண்டு ரகசிய எண் சேர்த்துக் குடுக்கணும். முதலாவதை ஹெக்ஸாடெசிமல்ல எழுதினா எஃப்-ஈ-ஈ-1-டி-ஈ-ஏ-டி. அந்த ஒண்ணை எல்-னு படிச்சீங்கன்னா ‘ஃபீல் டெட்’! ரெண்டாவது எண் லினஸ் டோர்வால்ட்ஸோட பொறந்த நாள், 28-12-1969. அவரோட மகள்களோட பொறந்த நாளைக் குடுத்தாலும் ஒத்துக்கும். சாவைப் பத்தின எண்ணும் பொறப்பைப் பத்தின எண்ணும் ஒண்ணா வந்தாத்தான் பொட்டி நிக்கும். மனுசன் யோசிச்சு வச்சானா, சும்மா வச்சானான்னு தெரியாது, எனக்குப் பிடிச்சிருக்கு.

கருவுக்குள்ள இவ்வளவு தெளிவு. குழப்பமெல்லாம் வெளியில, கட்டளைப் பேர்கள்ல. ஏடிஎக்ஸ் வந்ததும், ஹால்ட்னு அடிச்சவன் எப்படியும் அடுத்து அமத்தத்தானே போறான்னு பழைய இனிட் நிரல்கள் அதையும் சேர்த்தே பண்ண ஆரம்பிச்சுது. டெபியன்ல அதுக்குன்னே ஒரு அமைப்புக் கோப்பு. அதுல ‘ஹால்ட் = பவர்ஆஃப்’னு எழுதியிருக்கும். அதாவது நிறுத்துன்னா அமத்துன்னு அர்த்தம்னு அகராதியிலயே எழுதிட்டாங்க!

நான் லினக்ஸ் கத்துகிட்டது இந்த அகராதியில. 2014ல பிளஸ் டூவுல தமிழக அரசு குடுத்த விலையில்லா மடிக்கணினியில, விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சென்னை சிடாக்ல பண்ணினது, டெபியன் வழி வந்தது. அதுல ஹால்ட்னு அடிச்சா படக்குனு மொத்தமா அமந்துரும். விரலுக்கு அது பழகிப்போச்சு.

2010ல சிஸ்டம்டி எழுத ஆரம்பிச்சவங்க இந்த அகராதியைத் திருத்திட்டாங்க. ஹால்ட்னா நிறுத்தறது மட்டும். அமத்தணும்னா பவர்ஆஃப்னு கேளு. 2015ல டெபியன் 8 சிஸ்டம்டிக்கு மாறினப்போ இதுவும் கூடவே வந்துச்சு. பொட்டி நிக்குது, அமர மாட்டேங்குதுன்னு புகார் சொன்னவங்களுக்கு, "நீ கேட்டது அதுதானே"ன்னு பதில். நியாயம்தான். ஆனா ‘ஷட்டவுன்’ கட்டளைக்கு சின்ன எச் சேர்த்து அடிச்சா மட்டும் இன்னமும் அமந்துரும், பெரிய எச் போட்டாத்தான் வெறும் ஹால்ட். பழைய பழக்கத்தோட ஒரு சமரசம். கண்ணைக் கட்டுதா? எனக்கும்தான்.

விண்டோஸ் கதை இதுக்கு எதிர்த்திசையில போச்சு. 2012ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து, வேகத் துவக்கம் போட்டிருந்தா, ஷட்டவுன் கொடுக்கும்போது அது முழுசா நிக்கறதே இல்ல. உங்களை மட்டும் வெளிய அனுப்பிட்டு, கருவை அப்படியே வட்டுல எழுதிப் படுக்க வச்சுட்டு அமத்திரும். அங்கே எங்க சர்வர் நின்னுடுச்சு, அமரல. இங்கே இது அமந்துடுச்சு, நிக்கல. அதனாலதான் ஏதாவது கோளாறுன்னா ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றாங்க. முழுசா நின்னு கெளம்பறது அதுல மட்டும்தான்.

*

இப்போ ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். 2012. கோயமுத்தூர்க்காரங்களுக்கு அந்த வருஷத்தைச் சொன்னாலே வேர்க்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரன்ட் இருக்காது. பட்டறைகள்ல பாதி நேரம் சும்மா உக்காந்திருப்பாங்க. எங்கப்பா பட்டறையிலயும் அப்படித்தான். அவர் பட்டறைக் கணக்கை, யார் மோட்டார், எத்தனை ஹெச்பி, எவ்வளவு பாக்கின்னு நோட்டுல எழுதுவாரு. நான்தான் பெரிய கம்ப்யூட்டர் புலி மாதிரி, வீட்டுல இருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி பொட்டியில எக்செல்ல ஏத்திக் குடுத்தேன். நாலு மாசம் நல்லாவே போச்சு. அவரும் நோட்டை மூடி வச்சுட்டாரு.

ஒரு சாயங்காலம் அன்னைக்குக் கணக்கை ஏத்திட்டிருந்தேன். கரன்ட் போச்சு. யுபிஎஸ் கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுது. பேட்டரி தேஞ்சுபோய் ரெண்டு நிமிஷம்தான் தாங்கும். அவசரமா சேவ் பண்ணி, ஷட்டவுன் கொடுத்தேன். நீலத் திரை வந்துச்சு. யுபிஎஸ் கத்துது. உள்ள அப்பாரு ஒடம்பு சரியில்லாம படுத்திருக்காரு. "அந்தச் சனியனை அமத்துடா"ன்னு அம்மா சத்தம் போட்டாங்க. ஷட்டவுன்தான் கொடுத்தாச்சேன்னு யுபிஎஸ் பட்டனை அமுக்கிட்டேன்.

ராத்திரி கரன்ட் வந்ததும் பொட்டி நல்லபடியா கெளம்புச்சு. கோப்பும் அதே பேர்ல, அதே அளவுல அங்கேயே இருந்துச்சு. திறந்தா திறக்கல. உள்ள அத்தனையும் பூஜ்ஜியம்.

இப்போ காரணம் தெரியும். எக்ஸ்பியோட என்டிஎஃப்எஸ்ல ஒரு குறிப்பேடு உண்டு. கரன்ட் போனாலும் எந்தக் கோப்பு எங்க இருக்கு, எவ்வளவு பெருசுங்கற வீட்டு வரைபடத்தைக் காப்பாத்திரும். வீட்டுக்குள்ள இருந்த சாமானைப் பத்தி அது வாக்கு குடுக்கறதில்ல. சாமான் இன்னும் நினைவகத்துலயே நின்னுகிட்டிருந்துச்சு. பொட்டி நிக்கறதுக்குள்ள நான் அமத்திட்டேன். கரன்ட் போனது கோப்பை அழிக்கல, யுபிஎஸ் தாங்கிகிட்டுதான் இருந்துச்சு. அழிச்சது என் விரல்.

நாலு மாசப் பாக்கி. அப்பா ஒண்ணும் திட்டல. அடுத்த ஒரு மாசம் டிவிஎஸ் வண்டியை எடுத்துகிட்டு ஊர் ஊராப் போனாரு. பாதிப் பேரு கேக்கறதுக்கு முன்னாடியே தொகையைச் சொன்னாங்க. சிலரு குடுத்தாச்சேன்னாங்க. அவர் யார்கிட்டயும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. என்கிட்ட ஒரே ஒரு தடவை, பட்டறையில ஒரு மெயின் சுவிட்சைத் திறந்து காட்டினாரு. உள்ள செம்புக் கத்தி கருகி, நுனி உருகிப் போயிருந்துச்சு.

"மோட்டார் ஓடையில மெயினை எறக்குனா இப்படித்தான் பொறி தட்டும் கண்ணு. மொதல்ல ஸ்டார்ட்டரு. அது உழுந்த சத்தம் காதுல கேக்கோணும். அப்புறம்தான் மெயினு."

அதோட பழையபடி நோட்டை எடுத்துட்டாரு. இன்னிக்கு வரைக்கும் நோட்டுதான். நான் சாஃப்ட்வேர்ல வேலைக்குச் சேர்ந்து அஞ்சு வருஷம் கழிச்சும், "உன்ற பொட்டியில ஏத்தித் தர்றயா"ன்னு அவர் கேட்டதே இல்ல. நானும் கேக்கல.

*

சரி, எலக்ட்ரீசியன் அண்ணா இன்னும் போன்ல இருக்காரு.

"அண்ணா, ஒயரைத் தொடாதீங்க. சர்வருக்கு மானிட்டர் மாட்டியிருக்குதுங்களா?"

"இல்லீங்க. அக்கௌன்ட்ஸ்ல ஒண்ணு கெடக்குது."

"அதைக் கழட்டிக் கொண்டாந்து மாட்டுங்ணா, திரையில என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

பத்து நிமிஷம் ஆச்சு. பேட்டரிக்காரர் பின்னாடி முணுமுணுக்கறது கேட்டுச்சு. அப்புறம் அண்ணா ஒவ்வொரு எழுத்தா இங்கிலீஷ்ல படிச்சாரு. வரிசையா ஓகே, ஓகே. கடைசி வரியில, "ரீபூட்... ரெண்டு புள்ளி... சிஸ்டம்... ஹால்ட்டட்."

மூச்சு வந்துச்சு. பாக்கியெல்லாம் எழுதி, வட்டைக் கழட்டி வச்சுட்டு, கடைசியா கரு சொல்ற வரி அது.

"நின்னுடுச்சுங்ணா. இப்ப அமத்தலாம்."

"அப்டீங்களா. ஸ்டார்ட்டரு உழுந்துருச்சு, மெயினு எறக்கோணும், அவ்ளோதானுங்களே? இதை மொதல்லயே சொல்லியிருந்தா மானிட்டர் தூக்கியிருக்க வேண்டாமுங்களே!"

அவ்வ்வ்வ்.

சாயங்காலம் சர்வரை மறுபடி கிளப்பினப்போ பத்து மணி நேரக் கணக்கும் பத்திரமா இருந்துச்சு. திங்கக்கிழமை வேலைக்குப் போனதும் மூணு காரியம் பண்ணினேன். மில்லுக்கான குறிப்புல ‘ஹால்ட்’ங்கறதை அடிச்சுட்டு ‘பவர்ஆஃப்’னு எழுதினேன். பயாஸ்ல, கரன்ட் போய் வந்தா தானா கெளம்பணுமா வேண்டாமாங்கற இடத்துல, பழைய நிலைக்கே போன்னு மாத்தச் சொன்னேன். கெணத்து மோட்டாருக்கு ராத்திரி த்ரீ ஃபேஸ் வந்ததும் தானா ஓடறதுக்கு ஆட்டோ சுவிட்ச் போடுவாங்களே, அதேதான். மூணாவதா, சர்வருக்கு ஒரு பழைய மானிட்டரை நிரந்தரமா மாட்டச் சொல்லிட்டேன். "அது எதுக்கு வெட்டியா?"ன்னு மேனேஜர் கேட்டாரு. ஸ்டார்ட்டர் விழுந்த சத்தம் கேக்கறதுக்குன்னு சொன்னா புரியுமா? "இருக்கட்டும் சார்"னு சொல்லி வச்சிருக்கேன்.

ராத்திரி அப்பாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டாரு. "அவுரு புடுங்கலாமான்னு கேட்டாரில்ல, நல்ல மனுசன். கேக்காமப் புடுங்கறவன்தான் ஜாஸ்தி"ன்னு மட்டும் சொல்லிட்டு, நோட்டை எடுத்துகிட்டுத் திண்ணைக்குப் போய்ட்டாரு.

உங்களுக்கும் இந்த மாதிரி அமத்தித் தொலைச்ச கதை ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. தனியா அழறதுக்கு, சேர்ந்து அழுதா கொஞ்சம் நல்லாருக்கும். வர்ட்டா?

டிஸ்கி: இந்தப் பதிவை எழுதி முடிக்கறதுக்குள்ள ஒருதரம் கரன்ட் போய் வந்துச்சு. மூணு தடவை சேவ் பண்ணிட்டேன். மூணும் தனித்தனியா.